மெர்சி அக்கா கட்டிய இரண்டாவது பை

கன்னியம்மாவைக் கூடை இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். தாம்பரத்தில் உள்ள எங்கள் மருந்து ஆய்வகத்தின் காவலர் உள்ளே வந்து, மீன்காரம்மா ஒருவர் என்னைத் தேடுவதாகச் சொன்னார். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"உங்க அக்கா பூட்டாங்கம்மா," என்றார். "வெடிகாலைல. தங்கச்சி அழுதுகினு கீது. உங்க ஆபீஸ் போனு போவவே இல்லியாம். நான் போயி சொல்லிட்டு வரேன்னு பஸ் ஏறி வந்துட்டேன்."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கன்னியம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு அக்காதான்.

மெர்சி அக்கா எங்கள் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். வேதியியலில் பி.எஸ்ஸி. படித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில், பள்ளி ஆசிரியையான தங்கை கிரேஸுடன் வசித்தார். ஐம்பது வயதை எட்டவில்லை. பதினைந்து வருடங்களாக அவருக்கு முடக்குவாதம். விரல்களிலும் மணிக்கட்டிலும் முழங்கால்களிலும் இருந்தது. மூட்டு வலியால் யாரும் சாவதில்லை என்று சொல்வார்கள். வலிக்காக அவர் விழுங்கிய மாத்திரைகள் வயிற்றை அரித்துவிட்டிருந்தன. ஞாயிறு இரவு ரத்த வாந்தி எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மாத்திரைகளுக்கு ஒரு மாற்றைத்தான் நாங்கள் இருவரும் ஐந்து வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தோம். அதனால் இந்தச் சாவை என்னால் வேறு யாருடைய சாவைப்போலவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில், எம்.ஃபார்ம் முடித்த கையோடு நான் அங்கே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். முதல் நாள் தராசு அறையில் மருந்துப் பொடியை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். விமானப்படை நிலையத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போயிற்று. சட்டென்று ஒரு கை என் முகத்துக்கு நேரே நீண்டது. கணுக்கள் புடைத்து, விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த கை.

"இரும்மா. ப்ளேன் போகட்டும்," என்றது குரல். "இப்ப நீ பாக்கிறது மருந்தோட வெயிட் இல்ல. ஏர் ஃபோர்ஸோட வெயிட்."

சத்தம் அடங்கியதும் எண்ணைப் பார்த்தேன். கடைசி இலக்கம் மாறியிருந்தது. இப்படித்தான் எனக்கு மெர்சி அக்கா அறிமுகமானார்.

அவருடன் வேலை செய்வது எளிதாக இருக்கவில்லை. தன் பீக்கர்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கழுவிய குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவினது யாரு, மழையா?" என்று கேட்பார். எதைச் செய்தாலும் பக்கத்தில் வெறும் ஒன்றை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். புது மருந்துக் கலவை ஒன்று செய்தால், மருந்து மட்டும் இல்லாமல் அதே கலவை இன்னொன்று இருக்கவேண்டும். இதை வீட்டிலும் செய்வார் என்று கிரேஸ் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்கில் யாரோ சொன்னார்கள் என்று புதிதாக ஏதோ எசன்ஸ் சேர்த்தபோது, அது சேர்க்காத குட்டிக் கேக் ஒன்றையும் சுட்டு வைத்தாராம். இரண்டையும் சாப்பிட்ட பாதிரியார் வித்தியாசம் தெரியவில்லை என்றாராம். அந்த எசன்ஸ் பாட்டில் அன்றோடு சரி.

மாத்திரை விஷயத்திலும் இதே வழக்கம்தான். மாதத்தில் ஒரு நாள் மாத்திரை போடாமல் இருப்பார். அன்று காலை எழுந்ததிலிருந்து கை எப்போது மடங்குகிறது, கால் எப்போது தரையில் ஊன்றுகிறது என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார்.

"எதுக்குக்கா இப்படி உங்களையே வதைச்சுக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த மாத்திரை வயித்தைக் கெடுக்குதுன்னு தெரியும். வலியைக் குறைக்குதான்னும் தெரியணுமில்ல? இல்லேன்னா ரெண்டு பக்கமும் நஷ்டம்," என்றார்.

எங்கள் திட்டம் இதுதான். மாத்திரை வயிறு வழியாக உடம்பு முழுவதும் சுற்றி, கடைசியில் மூட்டுக்குக் கொஞ்சம் போய்ச் சேருகிறது. நேராக மூட்டுக்குள்ளேயே ஊசி போட்டாலும் மருந்து அங்கே தங்குவதில்லை, சீக்கிரமே வடிந்துவிடுகிறது. அந்த மருந்தையே ஆல்புமின் என்ற புரதத்தால் ஆன மிகச் சிறிய துகள்களுக்குள் அடைத்துச் செலுத்தினால், துகள் மெல்ல மெல்லக் கரைந்து மருந்தை நாட்கணக்கில் விட்டுக்கொடுக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கில் அடுக்கிவிடக்கூடிய துகள்கள். நானோ துகள் என்ற சொல்லை அப்போது எங்கள் ஆய்வகத்திலேயே பலர் சந்தேகத்தோடுதான் உச்சரித்தார்கள்.

அக்காவுக்குச் சந்தேகம் இல்லை. முதல் தடவையாக நீலச் சாயல் படிந்த பால்போன்ற அந்தத் திரவம் குடுவையில் திரண்டபோது, அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே கன்னியம்மாவிடம் சொல்லியும் விட்டார்.

கன்னியம்மா ஈஞ்சம்பாக்கம் குப்பத்தைச் சேர்ந்தவர். மேடவாக்கம் வழியாக பஸ் பிடித்து, செம்பாக்கம் தெருக்களில் மீன் விற்பார். அவருக்கும் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அக்கா வீட்டுப் படியில் கூடையை இறக்கி வைத்து, ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் இருவரும் தங்கள் மூட்டுகளைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொள்வார்கள். எட்டு நாளைக்கு ஒரு ஊசி போதும், அது மட்டும் வந்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தார்.

எட்டு நாள் என்ற கணக்கு என்னுடையது; நான் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். துகள்களை மெல்லிய சவ்வுப் பைக்குள் ஊற்றி, இரண்டு முனைகளையும் நூலால் இறுகக் கட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் மிதக்கவிட வேண்டும். மருந்து துகளிலிருந்து வெளியேறி, சவ்வு வழியாக நீருக்கு வரும். நாள்தோறும் நீரில் கொஞ்சம் எடுத்து அளந்தால், எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று தெரியும். அக்கா மணிக்கட்டு வீக்கத்தால் ஒரு மாதம் விடுப்பில் இருந்தபோது இதை நான் தனியாகச் செய்தேன். மருந்து எட்டு நாட்களுக்கு ஒரே சீராக வந்தது. வரைபடத் தாளில் கோடு அவ்வளவு அழகாக ஏறியது. ஆய்வேடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கருத்தரங்குக்கு அனுப்பக் கட்டுரையும் எழுதிவிட்டேன்.

விடுப்பு முடிந்து வந்த அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "வெறும் மருந்தை வச்சுப் பாத்தியா, உமா?"

"அது அரை நாள்ல வெளிய வந்துடும்க்கா. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரியும். நம்ம பைக்குத் தெரியுமா?"

மறுநாள் அவராகவே இரண்டாவது பை ஒன்றைக் கட்டினார். துகள் எதுவும் இல்லாமல் வெறும் மருந்துப் பொடி மட்டும் கலந்த பை. அதை நான் எடுத்த அதே அளவு நீரில் மிதக்கவிட்டார். எட்டு நாள் கழித்து என் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மருந்து நீரில் லேசில் கரையாது. நான் வைத்திருந்த நீரோ கொஞ்சம். பைக்குள் இருப்பது துகளானாலும் சரி, வெறும் பொடியானாலும் சரி, மெல்லத்தான் வெளியே வரும். நான் அளந்தது துகளின் திறமையை அல்ல, பையின் சோம்பலை. எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. செய்தபின் மிக அழகாகத் தெரியக்கூடிய தவறும்கூட.

அந்த வாரக் கூட்டத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் நான் பேசியதில்லை. அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்கப்போகும் இந்த அஞ்சலிக் கட்டுரையில் அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால், பக்கத்தில் வெறும் ஒன்றை வைக்காத சோதனையைப்போல ஆகிவிடும்.

இயக்குநர் இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டார். நான் சொன்னேன்: "சார், அக்காவோட விரல் இப்ப ரொம்ப மோசமா இருக்கு. முடிச்சு சரியா விழுந்திருக்காது. பை லூஸா இருந்திருக்கலாம்."

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அவருடைய கைகளைப் பார்த்தார்கள். மேசைமேல் இருந்த கைகளை அக்கா மெதுவாகக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிச்சு லூஸா இருந்தா மருந்து சீக்கிரம் வெளிய வந்திருக்கணும், மேடம்," என்றார் என்னிடம். "இது லேட்டா வந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். நான் நிறையப் படிப்பவள். உண்மையைச் சொன்னதற்காகத் துன்பப்பட்டவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். என் எதிரில் ஒருவர் வந்து அதைச் சொன்னபோது அவருடைய கையைக் குறை சொன்னேன்.

இயக்குநர் என்னையே இரண்டாவது பையைக் கட்டச் சொன்னார். நல்ல விரல்களால் கட்டினேன். அதே கோடுதான் வந்தது. தாளைப் பார்த்த இயக்குநர், "ரெண்டு பேரும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கீங்க. பென்சில்தான் வேற," என்றார். கருத்தரங்குக் கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கப் போனால் அந்தக் கைகளைப் பற்றி மறுபடி பேசவேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவும் எளிதில் மறப்பவர் அல்லர். நான்கு மாதங்கள் என்னை "மேடம்" என்றே கூப்பிட்டார். "மேடம், உங்க சாம்பிள் ரெடி." "மேடம், ஃப்ரிட்ஜை மூடல." அவ்வளவு மரியாதையை அதற்கு முன்பும் பின்பும் யாரும் எனக்குத் தந்ததில்லை, அவ்வளவு வலித்ததுமில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, தாம்பரம் பஸ் நிலையத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரும்படி ஆயிற்று. பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "இந்த மருந்து வரணும்னு எங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தானே ஆசை அதிகம்? அப்புறம் ஏன்க்கா அந்தப் பையை வச்சீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், வரும் பஸ்களின் பலகைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்கு அது தீசிஸ். எனக்கு அது என் முட்டில ஏறப்போற ஊசி. பேப்பர்ல எட்டு நாள் வேலை செஞ்சு என் கால்ல செய்யலேன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது, மேடம்?"

கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அன்று ஏதோ தாள் வாங்க நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கன்னியம்மா படியில் உட்கார்ந்து சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஊசி எப்போ வரும்? காலு கெஞ்சுது."

"இப்ப வராது கன்னியம்மா. நாங்க தப்பா அளந்துட்டோம்."

கன்னியம்மா கத்தியை நிறுத்தினார். "தப்பா அளந்துட்டியா? நான் தராசைத் தப்பாப் புடிச்சா வுடுவியா நீ? தெருவையே கூட்டிட மாட்டே?"

"கூட்டுவேன். அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

"நீயா தப்பா அளந்தே? இல்ல, இந்தப் பாப்பாவா?" கத்தி என் பக்கம் திரும்பியது.

"நாங்கதான்னு சொன்னேனில்ல? மீனை ஆய்," என்றார் அக்கா.

அந்த "நாங்க" என்ற சொல்லை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பையை மட்டும் நம்பக்கூடாது என்றாகிவிட்டது. துகளையும் நீரையும் நேரடியாகப் பிரித்து அளக்க, மிக வேகமாகச் சுழலும் இயந்திரம் ஒன்று வேண்டும். எங்களிடம் அது இல்லை. கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தது. மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்து மின்சார ரயிலில் கொண்டுபோகவேண்டும். முதல் நாள் தாம்பரம் முழுக்கத் தேடியும் நல்ல ஐஸ் கிடைக்கவில்லை. கடைசியில் கன்னியம்மாவின் கூடையிலிருந்துதான் கிடைத்தது. "மீனுக்குப் போட்டது போவ மிச்சம். உங்க மருந்து கெட்டா எனக்குத்தான பேஜாரு," என்று பெட்டியில் அள்ளிப் போட்டார். அன்று எங்கள் ரயில் பெட்டியில் அறிவியல் கவுச்சி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மீனும்மா அது?" என்று கேட்டார்.

"ரொம்பச் சின்ன மீனு. கண்ணுக்கே தெரியாது," என்றார் அக்கா. அந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார். பல்லாவரம் தாண்டியதும் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. "உமா, மூடியை அழுத்திப் பிடி," என்றார் அக்கா. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

எங்கள் பழைய துகள்கள் முக்கால்வாசி மருந்தை முதல் அரை மணியிலேயே கொட்டிவிடுகின்றன என்று அந்த இயந்திரம் காட்டியது. அங்கிருந்து மறுபடி தொடங்கினோம். புரதத்தை இறுக்கும் முறையை மாற்றினோம், சூட்டை மாற்றினோம், பைகளைப் பெரிய குடுவைக்கு மாற்றினோம். ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு பைகள். முடிச்சுகளை எல்லாம் அக்காதான் போட்டார். யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நூலைச் சரியான நீளத்துக்கு வெட்டி அவர் பக்கம் நீட்டுவேன். அவர் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார். நான் கேட்கவேண்டிய மன்னிப்பை இப்படி நூல் நூலாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு முடிவில் இரண்டரை நாள் என்ற கணக்கு வந்தது. வெறும் மருந்துப் பை சில மணி நேரத்தில் காலியானது; துகள் பை இரண்டரை நாள் தாங்கியது. கோடுகள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி நின்றன. அக்கா தாளை வாங்கி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை வளைந்த விரலால் தடவினார். "இதுதான் மருந்து," என்றார்.

இன்னும் ஒரு எலியின் முழங்காலைக்கூட அது தொடவில்லை. மனிதர்களிடம் போக எத்தனை வருடம் ஆகும், போகுமா என்பதே எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, தன் காலுக்கு அது வரப்போவதில்லை என்று. சென்ற வியாழக்கிழமை புதிய துகள்களுக்காக இரண்டு பைகளைக் கட்டி மிதக்கவிட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாதிரி எடுத்துக் குறித்துவிட்டு, "நாளைக்கு உன் முறை. ஞாயித்துக்கிழமைன்னு மறந்துடாதே," என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் மறக்கவில்லை.

திங்கட்கிழமை கன்னியம்மாவோடு பஸ்ஸில் செம்பாக்கம் போனேன். கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சேலை. ஜெபிப்பதுபோலக் கைகளைக் கூப்பி வைக்கக் கிரேஸ் பலமுறை முயன்றிருக்கிறார். விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. கடைசியில் ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்துவிட்டார். அவற்றை மூட ஒரு கைக்குட்டையை யாரோ கொண்டுவந்தார்கள்.

"மூடாதே," என்றார் கன்னியம்மா. "வேல செஞ்ச கையி. இருக்கட்டும்."

படியைப் பிடிக்காமல், முழங்கால் நொறுங்குகிற சத்தத்தோடு தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளின் பக்கத்திலேயே இருந்தார். மூன்று மணிக்கு அடக்கம். கடைசிப் பாட்டு முடிந்து மண் போட்டபோது ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. சத்தம் அடங்கும்வரை பாதிரியார் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். அக்கா அதை ஒப்புக்கொண்டிருப்பார்.

ஐந்து மணிக்கு மாதிரி எடுக்கவேண்டும். நான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். துக்க வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்தாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். எடுக்காமல் விட்டிருந்தால் அக்காவிடம் எனக்கு மறுபடி எந்தப் பெயர் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பைகளும் வெதுவெதுப்பான நீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய நோட்டில், அவருடைய கோணல் எழுத்துக்குக் கீழே, நான்காம் நாளின் எண்களை என் கையால் எழுதினேன். ஐந்தாம் நாளையும் ஆறாம் நாளையும் எழுதினேன்.

நாளை ஏழாம் நாள். சோதனை முடிகிறது. பைகளை வெளியே எடுத்து முடிச்சுகளை அவிழ்க்கவேண்டும். இன்று மாலை விளக்கைப் போட்டு நான்கு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு நூல்கூட நெகிழவில்லை.

முடிச்சு இறுக்கமாகத்தான் இருக்கிறது, அக்கா. அன்றைக்கும் இறுக்கமாகத்தான் இருந்தது. அந்த அறையில், எல்லாருக்கும் முன்னால் நான் சொல்லியிருக்கவேண்டியது இது. நாளை அவிழ்த்தபின் புதிதாக இரண்டு பைகளைக் கட்டுவேன். நீங்கள் வலி இல்லாமல் போய் வாருங்கள்.